வாகன நிறுத்துமிடத்தில் ஓர் அலையாத்திக் காடு

சைரன் இரண்டு முறை அலறியது.

புயல் எச்சரிக்கைக்காக வைத்த சைரன் அது. முத்துக்கரை இயற்கைப் பூங்காவின் வாசல் வளைவுக்கு மேலே இருக்கிறது. ஒருமுறை ஊதினால் புயல், இரண்டு முறை ஊதினால் அதிகாரி என்று ஏற்பாடு. மூன்று வருடமாக நான் அந்தப் பூங்காவுக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறேன். இரண்டு முறை ஊதித்தான் கேட்டிருக்கிறேன். நடுவில் புயலும் வந்துபோனது. அதற்காகச் சைரனை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

"ஏலே, வந்துட்டாகளாம்! பாம்பன் பாலம் ஏறிட்டாகளாம்!" என்று காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே ஓடிவந்தார் பூங்காக் காவலர் நாகநாதன்.

"பதினோரு மணின்னுதானே சொன்னாங்க?" என்றேன்.

"ராமேஸ்வரத்துல இன்னைக்குக் கூட்டமே இல்லையாம் சார். இயக்குநரு தரிசனம் சட்டுன்னு முடிஞ்சிருச்சாம். சாமி இம்புட்டுச் சுருக்கா அனுப்பி விட்டுருவாருன்னு நமக்கென்ன தெரியும்?"

அப்போது நானும் என் பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேரும் பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் உப்போடையில், முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தோம். பிள்ளைகள் தலையில் பச்சைத் தொப்பி. தொப்பியில் வெள்ளை எழுத்தில் 'இயற்கையின் காவலர்'. ஒவ்வொரு காவலர் கையிலும் வேரோடு பிடுங்கிய ஓர் அலையாத்திச் செடி.

அவை அவர்களே நட்டு, அவர்களே இரண்டு வருடம் வளர்த்த செடிகள். பிடுங்கச் சொன்னவன் நான்.

என் பெயர் யோகேஸ்வரன். மண்டபம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் முதுகுளத்தூருக்கு உள்ளே. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கண்மாய். அதுவும் பாதி வருடம் கிரிக்கெட் மைதானம். கடலுக்குள் மரம் வளரும் என்பதே எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். இருந்தாலும் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியராக என்னைத்தான் போட்டார்கள். பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்த அன்று மச்சினன் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தேன். லீவில் இருப்பவருக்கு எது மிச்சமோ அது என்பது எங்கள் ஆசிரியர் அறை வழக்கம்.

திட்டத்தின் பெயர் 'கைப்பட இயற்கை'. பிள்ளைகள் இயற்கையைப் புத்தகத்தில் படித்தால் போதாது, பூங்காவுக்குப் போய்த் தங்கள் கையால் வேலை செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. நல்ல நோக்கம். முதல் பத்தி முழுக்க அந்த நல்ல நோக்கம்தான். மற்றப் பதினேழு பக்கமும் போட்டோ எடுப்பது எப்படி என்பதைப் பற்றி.

ஒரு பிள்ளை, ஒரு செடி, ஒரு போட்டோ. போட்டோவில் பிள்ளையின் முகம், தொப்பியின் எழுத்து, செடியின் நுனி, பின்னால் கடல் நான்கும் தெரிய வேண்டும். அதை ஆப்பில் ஏற்ற வேண்டும். பூங்காவில் பதிவு செய்யப்பட்ட இடத்திலிருந்து இருபது அடிக்குள் எடுத்த படமாக இருந்தால்தான் ஆப் ஏற்றுக்கொள்ளும்.

முதல் நாள் பிள்ளைகளை நேராக உப்போடைக்குக் கூட்டிப் போனேன். அலை ஏறி இறங்கும் கருஞ்சேறு. சுற்றிலும் நண்டு வளைகள். கொக்குகள் எங்களைப் பார்த்துச் சலித்துக்கொண்டு பறந்தன. போனைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் வந்தது:

'நீங்கள் இயற்கைக்கு வெளியே இருக்கிறீர்கள். தயவுசெய்து இயற்கைக்குத் திரும்பவும்.'

நாகநாதன் போனை வாங்கிக் கையை முன்னால் நீட்டியபடி நடந்தார். நாங்கள் வரிசையாகப் பின்னால் போனோம். ஓடையைத் தாண்டி, புதரைத் தாண்டி, கழிப்பறையைத் தாண்டி, பூங்காவின் வாகன நிறுத்துமிடத்தில், இளநீர் வண்டிக்கும் இருசக்கர வாகன வரிசைக்கும் நடுவில் வந்ததும் திரை பச்சையானது.

'நல்வரவு. நீங்கள் இயற்கையில் இருக்கிறீர்கள்.'

நடந்தது பிறகு தெரிந்தது. திட்டத் தொடக்கத்தன்று மாவட்ட ஒருங்கிணைப்பாளர் வேல்ராஜ் இடத்தைப் பதிவு செய்ய வந்திருக்கிறார். நல்ல வெயில். ஜீப்பில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜீப் நின்ற இடத்தில், ஜீப்புக்குள் உட்கார்ந்தே 'பதிவு செய்' பொத்தானை அமுக்கிவிட்டார். ஒருமுறைதான் அமுக்க முடியும்.

இடத்தை மாற்றித் தரும்படி எழுதினேன். வேல்ராஜ் நேரிலேயே வந்தார். கோபக்காரர் இல்லை. தோளில் கைபோட்டுப் பேசுகிறவர்.

"சார், இடம் தப்புன்னா, பதிவு பண்ணவன் தப்பு. பதிவு பண்ணது நான். நான் தப்புன்னா, என்னைப் போட்டவங்க தப்பு. அப்படியே மேல மேல போய்க்கிட்டே இருக்கும். ஒரு குழிக்காக அவ்வளவு தூரம் தோண்டணுமா?"

"அது சிமெண்டுக் கல்லு பாவுன தரை சார்."

"கல்லைப் பேத்தா மண்ணு இருக்கா இல்லையா?"

இருந்தது. நாகநாதன் கடப்பாரையால் ஒரு கல்லைப் பெயர்ப்பார். ஒரு பிள்ளை அந்தக் குழியில் செடியை வைத்துக்கொண்டு சிரிக்கும். நான் படம் எடுப்பேன். செடியை எடுத்து அடுத்த பிள்ளை கையில் கொடுப்பேன். எல்லாம் முடிந்ததும் நாகநாதன் கல்லைத் திரும்ப வைத்துக் காலால் மிதிப்பார். அதன் மேல் சுற்றுலா வேன் வந்து நிற்கும். அந்த ஒரு குழியில் வருடத்துக்கு ஐந்நூறு செடிகள் வீதம் நட்டோம். ஒரு செடி மட்டும் அறுபத்திரண்டு முறை நடப்பட்டது. பிள்ளைகள் அதற்கு 'சீனியர்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

கடல் தெரிய வேண்டும் என்ற விதிக்காக ஃபிளெக்ஸில் ஒரு கடலை அடித்துக் கட்டினார்கள். உண்மையான கடல் எதிர்ப்பக்கம் இருநூறு அடியில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் வெளிச்சம் சரியில்லை.

இந்த வேலை பன்னிரண்டு மணிக்கு முடியும். பஸ் ஒன்றரைக்கு. நடுவில் கிடைத்த அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் விஷயம் கெட்டது.

"சார், போட்டோ முடிஞ்ச செடிய நாங்க எடுத்துக்கலாமா?" என்று ஒருநாள் கேட்டாள் டிலக்ஷனா. அப்போது ஆறாம் வகுப்பு. மண்டபம் அகதிகள் முகாம் பிள்ளை. அப்பா யோகலிங்கம் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் உள்ளதைப் பேசுவாள். தேர்வில் நான் தவறுதலாகக் கூட்டிப் போட்ட இரண்டு மார்க்கைத் திருப்பிக் கொடுக்க வந்தவள்.

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவளும் அவள் தோழி சுஹாவும் இன்னும் ஒன்பது பேரும் அதைக் கொண்டுபோய் ஓடையில் நட்டார்கள். முதல் தடவை மணலில் நட்டார்கள், பத்து நாளில் எல்லாம் கருகியது. அடுத்த தடவை ஆழத்தில் நட்டார்கள், அலை அடித்துக்கொண்டு போனது. மூன்றாவது தடவை, தண்ணீர் ஏறி இறங்கும் சேறு எது என்று குச்சி ஊன்றி வைத்துப் பார்த்து, அங்கே நட்டார்கள். பிடித்தது. உடனே ஆடு வந்து தின்றது. சுஹா தன் வாப்பா படகிலிருந்து கிழிந்த வலையைக் கொண்டுவந்தாள். சுற்றிக் கட்டினார்கள்.

இதையெல்லாம் டிலக்ஷனா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தாள். திருத்துவதற்காக என்னிடம் கொடுப்பாள். திருத்த எதுவும் இருக்காது.

'எண் 17: ஆடு தின்றது. காரணம்: அந்தப் பக்கம் வலையைக் கட்டியது நான். முடிச்சு சரியில்லை. டிலக்ஷனா.'

'எண் 23: செத்தது. காரணம்: தெரியவில்லை. தெரிந்ததும் எழுதப்படும்.'

ஆப்பில் எங்கள் பள்ளி ஆயிரத்து ஐந்நூறு செடிகள் வளர்த்துக்கொண்டிருந்தது. நோட்டில் நாற்பத்தொன்று. செத்த எண்ணுக்கெல்லாம் புதுச் செடி வைத்து வந்ததால் அந்த நாற்பத்தொன்றும் உயிரோடு இருந்தன. பெரியவை பிள்ளைகளின் இடுப்பு உயரம் வந்துவிட்டன. அடியில் பென்சில் முனை போல மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே எட்டிப் பார்த்தன. மெள்ள நானும் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுஹா கேட்பாள்:

"சார், இயற்கைக்கு வெளிய போவமா?"

எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் சாயந்திரம் வேல்ராஜ் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். தோளில் கை போடவில்லை.

"சார், நாளைக்கு சென்னையில இருந்து திட்ட இயக்குநர் வாரார். நம்ம மாவட்டம்தான் மாநிலத்துலயே முதல்ல நிக்குது. காட்டை நேர்ல பாக்கணுமாம்."

"எந்தக் காட்டை சார்?"

"நீங்க வளத்த காட்டை. ஆயிரத்து ஐந்நூறு அலையாத்தி. ஆனா ஒரு சிக்கல். சாட்டிலைட் படத்துல அந்த இடம் சாம்பலா தெரியுதாம்."

"அது சிமெண்டுக் கல்லு சார்."

"அது நமக்குத் தெரியும். சாட்டிலைட்டுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று என்னைப் பார்த்தார், நான்தான் போய்ச் சொன்னேன் என்பது போல. "முப்பது நாப்பது செடியாவது வளர்ந்த செடியா அங்க நிக்கணும். நர்சரியில எல்லாம் சாண் உயரம். ஒண்ணுமே இல்லாட்டி விசாரணை வரும். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பொறுப்பாசிரியர் கையெழுத்துன்னு ஒண்ணு இருக்கே, அது யாருது சார்?"

என்னுடையது.

"17பி வரும் சார்" என்றார் மெதுவாக.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ். வந்ததும் வேலை போகாது, வேலையில் இருப்பதால் கிடைப்பதெல்லாம் போய்விடும். நான் முதுகுளத்தூர்ப் பக்கம் மாறுதல் கேட்டு விண்ணப்பம் போட்டு மூன்று வருடம் ஆகிறது. மனைவி அங்கே, நான் இங்கே.

உப்போடையைப் பற்றி வேல்ராஜுக்கு எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"சார், வளர்ந்த செடி நாப்பத்தொண்ணு இருக்கு."

காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை ஓடைக்கரையில் நிறுத்திச் செய்தியைச் சொன்னேன். இரவு முழுக்க யோசித்து வைத்திருந்த நல்ல வார்த்தைகளில் சொன்னேன்.

"ஏன் சார், அவங்கள இங்கன கூட்டிட்டு வரலாமே?" என்றாள் டிலக்ஷனா.

"இங்க வந்தா ஆப் ஒத்துக்காதும்மா."

"ஆப் ஒத்துக்காட்டி என்ன சார், அவங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?"

கொஞ்சம் கடுமையாக, "நேரமாகுது" என்றேன்.

"இப்பப் புடுங்குனா மூச்சு வேரு அறுந்துரும் சார். செத்துரும்."

"இன்னைக்கு ஒருநாள்தான். நாளைக்கே திரும்ப இதே எடத்துல நட்டுருவோம்."

"உண்மையாவா சார்?"

"உண்மையா."

"ஓம் சார்" என்றாள். 'ஆமாம்' என்பதற்கு முகாமில், வீட்டில் சொல்லும் அந்த 'ஓம்' பள்ளிக்கூடத்தில் அவள் வாயிலிருந்து எப்போதாவதுதான் வரும். முழுதாக நம்பும்போது வரும். அவள்தான் முதலில் சேற்றில் கை வைத்தாள். கட்டிய வலையை அறுக்காமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தாள். நாளைக்குத் திரும்பக் கட்ட வேண்டுமே.

அப்புறம்தான் அந்தச் சைரன்.

ஓடினோம். வாகன நிறுத்துமிடத்தில் ஒரு ஜேசிபி இரவோடு இரவாகக் கற்களைப் பெயர்த்துக் குழி வெட்டி வைத்திருந்தது. பிள்ளைகள் செடியை வைத்தார்கள், மண்ணைத் தள்ளினார்கள். மூச்சு வேர்கள் மேலே தெரிவது அசிங்கமாக இருக்கிறது என்று வேல்ராஜ் சொன்னதால் அவற்றின் மேல் கடல் மணல் கொட்டினோம். பத்தே நிமிடத்தில் மூன்று வருடக் காடு தயார்.

அப்போது நாகநாதன் ஒரு சந்தேகம் கேட்டார். "சார், காரெல்லாம் எங்கன விட? இது காடாயிருச்சே."

மூன்று வருடத்தில் அந்தப் பூங்காவில் யாரும் கேட்ட கேள்விகளிலேயே நியாயமானது அதுதான். இயக்குநரின் கார், அவருக்குப் பின்னால் ஏழு ஜீப், பத்திரிகைக்காரர்கள் வேன்.

வேல்ராஜ் நெற்றியைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "பின்னாடி ஓடைப் பக்கம் இப்பத்தானே காலி பண்ணியிருக்கோம்? பேத்த கல்லையெல்லாம் அங்க கொட்டி நிரவச் சொல்லுங்க."

ஜேசிபி எங்களைத் தாண்டி ஓடைப் பக்கம் போனது. பிள்ளைகள் பதினோரு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் தொப்பிகளை நேராக வைக்கும்படி சொன்னேன்.

விழா சிறப்பாக நடந்தது. விருந்தினர்களுக்குப் பிளாஸ்டிக்கில் செய்த அலையாத்திச் செடி நினைவுப் பரிசாக வழங்கப்பட்டது. உண்மைச் செடி வாடிவிடும் அல்லவா. வரவேற்புரை ஆற்றிய வேல்ராஜ், "இந்த இடம் வெறும் கல்லாக் கிடந்தது. இன்னைக்கு நீங்க பாக்குற பசுமைக்கு ஒரே காரணம் மேலிடத்தின் வழிகாட்டுதல்" என்றார். அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

இயக்குநர் பேச எழுந்தார். நெற்றியில் கோயில் விபூதி. நிதானமான, நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"நான் சின்ன வயசுல இயற்கையோடதான் வளர்ந்தேன். ஆனா அப்ப இயற்கை ஒரு ஒழுங்கில்லாம, கண்ட எடத்துல கிடக்கும். எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியாது. யார் பொறுப்புன்னும் தெரியாது. இன்னைக்கு இயற்கைக்கு ஒரு எண் இருக்கு. ஒரு எல்லை இருக்கு. ஒரு பொறுப்பு அதிகாரி இருக்கார். கார்ல இருந்து எறங்குனா பத்தே அடி. பாருங்க, என் ஷூவுல ஒரு பொட்டுச் சேறு இல்லை. வந்ததுல இருந்து ஒரு கொசு கடிக்கலை. எத்தனையோ அலையாத்திக் காடு பாத்திருக்கேன். இப்படி ஒரு சுத்தமான காட்டை நான் பாத்ததே இல்லை."

கைதட்டல்.

"சாட்டிலைட் படத்துல சாம்பலாத் தெரிஞ்சதும் நானே சந்தேகப்பட்டேன். மறைக்க விரும்பலை. இப்ப நேர்ல பாத்துட்டேன். குறை சாட்டிலைட்டோடது. அவங்ககிட்ட விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதச் சொல்றேன்."

இன்னும் பெரிய கைதட்டல். ஃபிளெக்ஸ் கடல் காற்றில் படபடத்தது.

பிறகு அவர் மேடையிலிருந்து இறங்கிச் செடிகளுக்கு நடுவில் வந்தார். டிலக்ஷனாவுக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"இந்தச் செடியை யாரும்மா நட்டது?"

"நாங்கதான் சார்."

"எப்ப நட்டீங்க?"

'மூன்று வருடத்துக்கு முன்பு' என்று வேல்ராஜ் அவளுக்கு நாலு தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஃபிளெக்ஸ் கடலைப் பார்த்தேன்.

"இன்னைக்குக் காலையில சார்" என்றாள்.

வேல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். உண்மை வெளியே வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகக் கூட இருந்தது.

இயக்குநர் நிமிர்ந்தார். செடியை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். அவர் முகத்தில் வியப்பு படர்ந்தது.

"காலையில நட்டு இவ்வளவு உயரமா! கேட்டீங்களா எல்லாரும்? குழந்தைங்க கை பட்டா இயற்கை எந்த வேகத்துல வளருதுன்னு பாருங்க! கைப்பட இயற்கைன்னு சும்மாவா பேர் வச்சோம்!"

"வளர்ச்சி விகிதத்தை அறிக்கையில சேத்துடுறேன் சார்" என்றார் வேல்ராஜ், கண்ணைத் திறந்து.

"இல்ல சார்" என்றாள் டிலக்ஷனா. "இதுக்கு ரெண்டு வயசு. ஓடையில இருந்துச்சு. புடுங்கியாந்து..."

இயக்குநர் சிரித்தபடியே என் பக்கம் திரும்பினார். "குழந்தை என்னமோ சொல்லுது. பொறுப்பாசிரியர் நீங்கதானே? காலையில நட்டதுதானா?"

மூன்றே சொற்கள் போதும். பிள்ளை சொல்வது சரி என்று சொல்லியிருக்கலாம். மைக் கூட அருகில் இல்லை. உரக்கக் கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆமா சார், காலையில நட்டதுதான்" என்றேன். அதிலும் ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

டிலக்ஷனா தொப்பியைக் கழற்றி மண்ணைத் தட்டி, மடித்து, வேல்ராஜின் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். தொப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதிதான். அன்றைக்கு அவள்தான் முதலில் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கார்கள் கிளம்பின. எல்லோரும் போன பிறகு ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். கருஞ்சேறு இருந்த இடத்தில் சிமெண்டுக் கற்களும் கிராவலும் நிரவிக் கெட்டியாகக் கிடந்தன. அவற்றின் மேல் டயர்த் தடங்கள். ஒரு ஓரத்தில் நண்டு ஒன்று தன் வளை இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நாகநாதன் ஒரு கம்பத்தை நட்டு அதில் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். 'வாகன நிறுத்துமிடம்.'

"இனிமே இதுதானாம் சார், நிரந்தரமா" என்றார். "அந்தப் பக்கம் காடுன்னு அறிவிச்சுட்டாகல்ல?"

போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். ஏனென்று தெரியவில்லை. இயற்கைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது.

காட்டுக்குத் திரும்பி வந்தேன். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்தது. செடிகளின் இலைகள் சுருண்டு தொங்கின. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். பின்னால் வந்த நாகநாதன், "உப்புத் தண்ணிச் செடிக்கு நல்ல தண்ணி ஊத்துறீகளே சார்" என்றார். திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். வாளியைக் கீழே வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் செடிகளை எண்ணினேன். கணக்கு வாத்தியார் புத்தி.

முப்பத்தெட்டு.

மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டுதான். நோட்டில் நாற்பத்தொன்று. இந்த வருடம் நட்ட கடைசி மூன்று செடிகள், 39, 40, 41, கணுக்கால் உயரச் சின்னச் செடிகள், அங்கே இல்லை.

பிள்ளைகள் சாலையோரம் வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் கூச்சலாக இருக்கும். நான் வருவதைப் பார்த்ததும் சுஹா இரண்டடி நகர்ந்து டிலக்ஷனாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அந்த எடம்..." என்று ஆரம்பித்தேன். "எனக்குத் தெரியாதும்மா, அங்க கல்லக் கொட்டுவாங்கன்னு."

"பரவால்ல சார்" என்றாள் டிலக்ஷனா. பெரிய மனுஷி போல, மரியாதையாக.

அவள் கையில் சாப்பாட்டு ஒயர் கூடை. காலையில் அதில் எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது. இப்போது தூக்குவாளியைச் சுஹா வைத்திருந்தாள். கூடையின் மேல் யூனிஃபார்ம் துப்பட்டா மூடியிருந்தது. அடியிலிருந்து கருஞ்சேறு சொட்டுச் சொட்டாக அவள் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது. துப்பட்டாவின் ஓரத்தில் இரண்டு தடித்த பச்சை இலைகள். வாடாமல்.

இந்த ஒரு தடவையாவது உதவலாம், தூக்கிக்கொண்டு கூட வரலாம், அக்காள்மடம் பக்கம் ஏதாவது நல்ல சேறு இருக்கிறதா என்று விசாரிக்கலாம் என்றெல்லாம் தோன்றியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"அந்த மூணையும் எங்கம்மா நடப் போறீங்க?"

டிலக்ஷனா கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கண் இமைக்காமல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எந்த மூணு? அத ஆடு தின்னுருச்சு சார்."